சீரியல் போர்ட்டில் குப்பை எழுத்துகளா? அந்தக் குப்பையைப் படியுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் பலருக்கும் ஓர் ஆசை வரும். படம் பார்த்தாயிற்று, இ-மெயில் அனுப்பியாயிற்று. வெளியே இருக்கும் ஏதாவது ஒரு பொருளை இதனுடன் இணைத்து வேலை வாங்க முடியாதா என்று தோன்றும். தாராளமாக முடியும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஆர்டுயினோ போன்ற ஒரு சின்ன போர்டு, ஒரு யுஎஸ்பி கேபிள், இலவசமாகக் கிடைக்கும் புரோகிராம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். போர்டில் உள்ள மைக்ரோகண்ட்ரோலர் சிப் சூட்டையோ வெளிச்சத்தையோ தண்ணீர் மட்டத்தையோ அளந்து, அந்த எண்ணைச் சீரியல் போர்ட் வழியாக உங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பும்.

ஆசையாக இணைத்துவிட்டுத் திரையைப் பார்த்தால் எண் வராது. இடவலம் மாறிய கேள்விக்குறிகள், கட்டங்கள், எந்த மொழியிலும் இல்லாத எழுத்துகள் என்று ஒரே குப்பையாக ஓடும். போர்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி அதை மேசை டிராயரில் போட்டுவிடுபவர்கள் அநேகம் பேர். நானும் அப்படிப் போடவிருந்தவன்தான். போடாமல் இருந்ததற்கு எங்கள் கிணற்று மோட்டார் ஒன்று எரிந்துபோனதுதான் காரணம்.

எங்கள் ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் பக்கம் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் பாறையில் குடைந்த கோயிலைப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு இது கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் விளையும் சாதாரண ஊர். எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக ஒரு கிணறு, அதில் ஒரு நீர்மூழ்கி மோட்டார். கோடையில் தண்ணீர் வேகமாக இறங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நீர்மூழ்கி மோட்டாருக்குக் குளிர்ச்சி கிடைக்காது, காயில் எரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வெயிலில் போய் எட்டிப் பார்ப்பதற்குப் பதில், கிணற்றில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்பதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்த்தால் என்ன என்று நினைத்தேன்.

2024 ஏப்ரலில் செய்து முடித்தேன். கிணற்றில் ஓர் அல்ட்ராசோனிக் சென்சார். பக்கத்து மோட்டார் கொட்டகையில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஏடிமெகா328 சிப். அங்கிருந்து சுமார் 25 மீட்டர் கேபிள் வீட்டுக்கு. நொடிக்கு ஒரு வரி வரும். அதில் நீர்மட்டம் சென்டிமீட்டரில் இருக்கும். என் புரோகிராம் அதைப் பெரிய எழுத்தில் திரையில் காட்டும். 100-க்குக் கீழே இறங்கினால் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருந்தேன். மூன்று வாரம் பிரமாதமாக ஓடியது.

மே மாதம் ஒரு நாள் உச்சி வெயிலில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டார்கள். திரையில் 213 என்று இருந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் 213 என்றே இருந்தது. சித்தப்பா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, "தண்ணி ஊறுது போலக்குது" என்று சந்தோஷமாகவே திரும்பிப் போனார். கொட்டகையிலிருந்து கருகல் வாசனை வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"ஏம்பா, உன் கம்ப்யூட்டரு தண்ணி இருக்குன்னுதான சொல்லிச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். காயில் கட்டிய செலவில் பாதியை நான் கொடுத்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

திரைக்குப் பின்னால் நடந்தது

அன்று மாலை என் புரோகிராமை மூடிவிட்டு, சிப் அனுப்புவதை நேரடியாகப் பார்த்தேன். வரிகள் தெளிவாக வந்தன. மறுநாள் பதினொன்றரை மணிவரை தெளிவு. அதற்குப் பிறகு எண்களுக்கு நடுவில் குப்பை வந்தது. ஒரு மணிக்கு எல்லாமே குப்பை. நாலு மணிக்கு மேல் தானாகவே சரியாகிவிட்டது.

என் புரோகிராம் செய்தது இதுதான். வந்த வரி எண்ணாக இல்லாவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைசியாக வந்த நல்ல எண்ணையே திரையில் வைத்திருந்தது. அழகாக இருக்கட்டும் என்று நான்தான் அப்படி எழுதியிருந்தேன். குப்பை தெரிந்திருந்தால் சித்தப்பா மோட்டாரை நிறுத்தியிருப்பார்.

அது சரி, குப்பை ஏன் வந்தது? இதைப் புரிந்துகொள்ள, சீரியல் முறை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கடிகாரம் இல்லாத பேச்சு

சித்தப்பா கொட்டகை வாசலில் ஒரு துண்டுடன் நிற்கிறார், நான் வீட்டுத் திண்ணையில் இருக்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். துண்டு மேலே இருந்தால் 1, கீழே இருந்தால் 0. நொடிக்கு ஒரு முறை துண்டின் நிலையை மாற்றுவதாக ஒப்பந்தம். சும்மா இருக்கும்போது துண்டு மேலேயே இருக்கும். அது முதன்முதலாகக் கீழே இறங்கியதும் "ஆரம்பம்" என்று தெரிந்துகொண்டு நான் எண்ணத் தொடங்குவேன். அதன் பிறகு ஒவ்வொரு நொடியின் நடுவிலும் கண்ணைத் திறந்து பார்த்து, 0 அல்லது 1 என்று எட்டு முறை குறித்துக்கொள்வேன். ஒன்பதாவதாகத் துண்டு மேலே இருக்க வேண்டும். அது முடிவு அடையாளம்.

சீரியல் போர்ட்டில் நடப்பது இதேதான். ஒரு ஸ்டார்ட் பிட், எட்டு டேட்டா பிட், ஒரு ஸ்டாப் பிட். ஓர் எழுத்துக்கு மொத்தம் பத்து பிட். நொடிக்கு எத்தனை பிட் என்பதுதான் பாட் ரேட். எமில் போதோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயரிலிருந்து வந்த சொல் இது. 9600 பாட் என்றால் ஒரு பிட்டுக்கு சுமார் 104 மைக்ரோ செகண்ட். நொடிக்கு 960 எழுத்துகள் வரை அனுப்பலாம்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகக் கடிகாரக் கம்பி ஒன்றும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். அவர் கையில் ஒரு கடிகாரம், என் கையில் ஒரு கடிகாரம். ஸ்டார்ட் பிட் வரும்போது ஒரு தடவை இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். என் கடிகாரமும் அவருடையதும் கொஞ்சம் விலகி ஓடினால் முதல் பிட்டில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பிட்டிலும் விலகல் கூடிக்கொண்டே போய், கடைசி பிட்டைப் பார்க்கும் நேரத்தில் நான் பக்கத்து பிட்டைப் பார்த்துவிடுவேன். கணக்குப் போட்டால் சுமார் 5 சதவீதம் விலகியதுமே வம்பு தொடங்கிவிடும். அதனால்தான் இந்தச் சிப்பின் தகவல் ஏட்டில், எட்டு பிட் பேச்சுக்கு 2 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

குப்பையில் இரண்டு ஜாதி

எல்லாக் குப்பையும் ஒன்றல்ல. முதலில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பினால், ஒரே குப்பை திரும்பத் திரும்ப வருகிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் வேறு வேறு குப்பை வருகிறதா?

ஒரே மாதிரி வந்தால் கம்பியில் பழுதில்லை. அனுப்பியது ஒழுங்காக வந்து சேர்கிறது; இரண்டு பக்கத்துக்கும் ஒப்பந்தம்தான் ஒத்துப்போகவில்லை. வேறு வேறாக வந்தால் கம்பி, கிரவுண்ட், மோட்டார் இரைச்சல், அல்லது விளிம்பில் நிற்கும் கடிகாரம் என்று தேட வேண்டும்.

ஒப்பந்தக் கோளாறில் சர்வ சாதாரணமானது பாட் ரேட்டை மாற்றி வைப்பது. ஆர்டுயினோ புரோகிராமில் 9600 என்று எழுதியிருப்பீர்கள். சீரியல் மானிட்டர் 115200-ல் நிற்கும். மானிட்டர் விண்டோவின் ஓரத்தில் உள்ள பட்டியலில் சரியான எண்ணைத் தேர்ந்தெடுத்திடவும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வரும் குப்பை பெரும்பாலும் இத்துடன் போய்விடும்.

அதில் போகாவிட்டால், சிப்பின் வேகத்தைக் கம்ப்யூட்டர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆர்டுயினோ புரோ மினி போர்டு இரண்டு வகையில் வருகிறது: 5 வோல்ட், 16 மெகா ஹெர்ட்ஸ், 3.3 வோல்ட், 8 மெகா ஹெர்ட்ஸ். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 8 மெகா ஹெர்ட்ஸ் போர்டை வைத்துக்கொண்டு மெனுவில் 16 என்று தேர்ந்தெடுத்தால், எல்லாமே பாதி வேகத்தில் ஓடும். 9600 என்று நீங்கள் எழுதியது 4800-ஆகப் போகும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. எல்இடியை நொடிக்கு ஒரு முறை மின்ன வைத்துக் கைக்கடிகாரத்துடன் ஒப்பிடுங்கள். இரண்டு நொடிக்கு ஒரு முறை மின்னினால் ஆசாமி பிடிபட்டார்.

இதற்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து யு-வை விடாமல் அனுப்புங்கள். அதன் பிட்கள் ஒன்றுவிட்டு ஒன்று 0, 1, 0, 1 என்று வரும். பாதி வேகத்தில் போனால் ஒவ்வொரு பிட்டும் இரண்டிரண்டாகத் தெரியும். அதைக் கூட்டிப் பார்த்தால் ஆங்கிலச் சிறிய எழுத்து எஃப் கிடைக்கும். யு அனுப்பி எஃப் வந்தால், தாளில் கணக்கே போட வேண்டாம், பாதி வேகம்தான்.

பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்கள் 8051 சிப்பில் ப்ராஜெக்ட் செய்யும்போது 11.0592 மெகா ஹெர்ட்ஸ் என்ற விநோதமான கிரிஸ்டலை ஏன் வாங்கச் சொல்கிறார்கள் என்று யோசித்ததுண்டா? அதை 12-ஆல் வகுத்து, 32-ஆல் வகுத்து, 3-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதமில்லாமல் 9600 வரும். அந்தக் கிரிஸ்டல் இல்லை என்று கடைக்காரர் 12 மெகா ஹெர்ட்ஸைக் கொடுத்தால், அதே கணக்கில் 10417 வரும். எட்டரை சதவீதம் கூடுதல், குப்பை நிச்சயம். ஈஎஸ்பி8266 வைஃபை போர்டு வாங்கியவர்களும், போர்டுக்கு உயிர் வந்ததும் ஒரு வரி குப்பை வருவதைப் பார்த்திருப்பார்கள். அது பழுதே இல்லை. 26 மெகா ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருப்பதால் அந்த முதல் செய்தி மட்டும் 74880 என்ற வேகத்தில் வருகிறது. மானிட்டரை அந்த எண்ணுக்கு மாற்றினால் படிக்கலாம்.

வோல்டேஜும் ஓர் ஒப்பந்தம்தான். 1960-ல் வந்த ஆர்எஸ்-232 முறையில் 1 என்பது மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை. 0 என்பது பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை. மைக்ரோகண்ட்ரோலரின் கால்களிலோ 1 என்றால் 5 வோல்ட், 0 என்றால் பூஜ்யம். இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். நேரடியாகச் சேர்த்தால் குப்பை வருவது மட்டுமல்ல, சிப்பே போய்விடலாம். நடுவில் மேக்ஸ்232 போன்ற ஒரு மாற்றும் சிப் வேண்டும். கடையில் "யுஎஸ்பி டு சீரியல்" என்று கேட்டால் இரண்டு வகையையும் ஒரே பெயரில் கொடுப்பார்கள். எந்த வகை என்று கேட்டு வாங்கவும்.

எழுத்து சரி, படிப்பவர் வேறு

இன்னொரு வகைக் குப்பை உண்டு. அதில் பிட் ஒன்றுகூடத் தப்பாது. பழைய தமிழ் இ-மெயில்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். திஸ்கி முறையில் எழுதியதை வேறு ஃபாண்ட்டில் திறந்தால் தமிழ் இருக்காது. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு முறைகளை அறிவித்தது. 2010-ல் யுனிகோடையும் டேஸ்-16 முறையையும் ஏற்றது. இன்று எல்லாரும் எழுதுவது யுனிகோடில். அதில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்குப் பெரும்பாலும் மூன்று பைட். முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று நினைக்கும் பழைய புரோகிராம், 174-ஐப் பார்த்தால் வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிக முத்திரையைக் காட்டும். ஆகவே உங்கள் போர்டிலிருந்து "தண்ணீர்" என்று அனுப்பி, திரையில் அந்த முத்திரை வரிசையாக வந்தால் பாட் ரேட்டைத் தொடாதீர்கள். அது சரியாகத்தான் இருக்கிறது. படிக்கும் புரோகிராமில் யுடிஎஃப்-8 என்று மாற்றினால் தமிழ் வந்துவிடும்.

எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான் வரும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய சில வரிகள். மொழி வடமொழி, எழுத்து கிரந்தம். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் இந்த இல்லத்தை விசித்திரசித்தன் எடுப்பித்தான் என்பது அதன் செய்தி. சுற்றுலா வருகிறவர்கள், "எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சா சார்?" என்று என்னைக் கேட்பார்கள். அழியவில்லை. கிரந்தம் தெரிந்தவர் இன்றும் வாசித்துவிடுவார். நம்மிடம்தான் அந்த ஃபாண்ட் இல்லை!

மத்தியானக் குப்பை

இப்போது என் கிணற்றுக்கு வருகிறேன். என்னுடையது நேரத்துக்கு நேரம் மாறுகிற குப்பை. அதனால் கம்பியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். உங்களுக்கும் பயன்படும் என்பதால், நான் சோதித்த வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் கம்ப்யூட்டர் பக்கம். கேபிளைக் கழற்றிவிட்டு, யுஎஸ்பி கன்வெர்ட்டரின் அனுப்பும் காலையும் வாங்கும் காலையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்தேன். இப்போது நான் டைப் செய்வது எனக்கே திரும்பி வர வேண்டும், வந்தது. மத்தியானம் ஒரு மணிக்கும் ஒழுங்காக வந்தது. கம்ப்யூட்டர் தப்பித்தது. உங்கள் கன்வெர்ட்டர் எந்த காம் போர்ட்டில் இருக்கிறது என்று தெரியாவிட்டால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்திடவும். போர்ட்ஸ் என்ற வரியை விரித்தால் காம் 3, காம் 5 என்று எண்ணுடன் இருக்கும்.

அடுத்து கிரவுண்ட். இரண்டு பக்கத்து கிரவுண்டும் ஒரு கம்பியால் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்திருந்தது. மூன்றாவது மோட்டார் இரைச்சல். மோட்டார்தான் காயில் கட்டப் போயிருந்ததே. கொட்டகையில் ஓடுவதற்கு ஒன்றுமில்லை. இருந்தும் குப்பை வந்தது.

நான்காவது கேபிள் நீளம். ஆர்எஸ்-232-க்கு 15 மீட்டர் என்று வழக்கமாகச் சொல்வார்கள், என்னுடையது 25. தெரிந்தவர்கள் எல்லாரும் "பாட் ரேட்டைக் குறை" என்றார்கள். 1200-க்குக் குறைத்தேன். கேபிள் காரணமாக இருந்திருந்தால் குப்பை குறைந்திருக்க வேண்டும். துளிகூடக் குறையவில்லை! அங்கேதான் பொறி தட்டியது. கடிகாரம் 5 சதவீதம் விலகினால் 9600-லும் 5 சதவீதம், 1200-லும் 5 சதவீதம். வேகத்தைக் குறைத்தும் மாறாத குப்பை கம்பியிலிருந்து வருவதில்லை, கடிகாரத்திலிருந்து வருவது.

நான் சிக்கனம் பார்த்து கிரிஸ்டல் போடாமல் விட்டிருந்தேன். ஏடிமெகா328-க்குள்ளேயே 8 மெகா ஹெர்ட்ஸ் கடிகாரம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது கிரிஸ்டல் இல்லை; மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த ஆர்சி சுற்று. 3 வோல்ட், 25 டிகிரியில் வைத்துத் தொழிற்சாலையில் சரிசெய்து அனுப்புகிறார்கள். அதிலும் 10 சதவீதம் வரை கூடக்குறைய இருக்கலாம் என்று தகவல் ஏட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சூடு ஏறினால் வேகம் மாறும், வோல்டேஜ் மாறினாலும் மாறும். என் டப்பா இருந்தது மே மாதத் தகரக் கூரைக்குக் கீழே.

குப்பை சொன்ன கணக்கு

இதை உறுதிசெய்ய ஆஸிலாஸ்கோப் வேண்டுமே என்று நினைத்தேன். வேண்டியிருக்கவில்லை. புட்டி என்ற இலவச டெர்மினல் புரோகிராமில் சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, டிரான்ஸ்லேஷன் பிரிவில் ஐஎஸ்ஓ-8859-1 என்று அமைத்தேன். இதில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு தனி உருவம் கிடைக்கும். ஆர்டுயினோ மானிட்டர் போல எல்லாவற்றையும் கேள்விக்குறி ஆக்காது.

மத்தியானம் 213 வர வேண்டிய இடத்தில் இப்படி வந்தது: ²±³. சில வரிகளில் 2±3, சில வரிகளில் ²13.

கொஞ்ச நேரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2 வர வேண்டிய இடத்தில் எப்போதும் ² அல்லது 2. 1-க்கு எப்போதும் ± அல்லது 1. 0 வரும்போது °. பட்டியலை எடுத்துப் பார்த்தால் 0-இன் எண் 48, °-இன் எண் 176. 1-இன் எண் 49, ±-இன் எண் 177. எல்லாவற்றிலும் வித்தியாசம் சரியாக 128. அதாவது எட்டாவது பிட் மட்டும் 0-க்குப் பதில் 1 ஆகியிருக்கிறது.

சித்தப்பாவின் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது பிட்டுக்கு அடுத்து வருவது எப்போதும் 1-ஆக இருக்கும் ஸ்டாப் பிட். நான் எட்டாவதைப் பார்க்கக் கண் திறப்பதற்குள் அவர் அதை முடித்து ஸ்டாப் பிட்டுக்கே போய்விட்டார். அனுப்புகிறவர் வேகமாக ஓடுகிறார்! எழுத்துகளுக்கு நடுவில் நான் சிறு இடைவெளி விட்டு அனுப்பியதால் அடுத்த எழுத்து இதில் வந்து குழப்பவில்லை. இந்த ஒரு அடையாளம் மட்டும் சுத்தமாகத் தெரிந்தது. கணக்குப்படி இதற்கு ஏறக்குறைய 6 சதவீதம் வேகம் கூடியிருக்க வேண்டும்.

எவ்வளவு கூடியிருக்கிறது என்பதையும் அளந்தேன். சிப் தன் டைமரை வைத்து நொடிக்கு ஒரு வரி அனுப்புகிறது அல்லவா? ஒவ்வொரு வரிக்கும் வரிசை எண் போடச் சொன்னேன். காலை ஏழிலிருந்து எட்டு வரை, கம்ப்யூட்டர் கடிகாரப்படி ஒரு மணி நேரம். 3600 வரிகள் வர வேண்டும், 3780 வந்தன. 5 சதவீதம் அதிகம். காலையிலேயே விளிம்பில்தான் நின்றிருக்கிறது! மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை எல்லாம் குப்பைதான்; ஆனால் ± என்றால் 1, ² என்றால் 2 என்று தெரிந்துவிட்டதால் குப்பையையே படித்துவிட முடிந்தது. 3820 வரிகள். 6.1 சதவீதம்.

குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துப்போய் டப்பாவின் மேல் சாய்த்து வைத்தேன். பத்து நிமிடத்தில் திரையில் ²±³ போய் 213 வந்தது. பாட்டிலை எடுத்தேன்; கொஞ்ச நேரத்தில் திரும்பவும் ²±³. சித்தப்பாவைக் கூப்பிட்டு இதைக் காட்டினேன். "அப்ப அதுக்கும் வெயில் அடிச்சா பித்தம் ஏறுது" என்றார்.

இன்னொரு புதிரும் இதில் அவிழ்ந்தது. சென்சாரிலிருந்து தண்ணீர் வரை கயிற்றில் அளந்தால் 300 சென்டிமீட்டர். சிப் 315 என்று காட்டிவந்தது. கயிறு இழுபடுகிறது என்று நினைத்திருந்தேன். ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அளப்பதும் அதே கடிகாரம்தானே!

சரிசெய்த விதம்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு 11.0592 மெகா ஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் 22 பிகோ ஃபாரட் மின்தேக்கிகள் இரண்டும் வாங்கினேன். பஸ் கட்டணத்துக்கு முன் அது ஒரு செலவே இல்லை. இந்தச் சிப்பிலும் 11.0592-ஐ 16-ஆலும் 72-ஆலும் வகுத்தால் மிச்சமில்லாமல் 9600 வரும். உள் கடிகாரத்திலிருந்து கிரிஸ்டலுக்கு மாற ஃபியூஸ் பிட் என்ற அமைப்பை மாற்ற வேண்டும். இதில் மட்டும் நிதானம் தேவை. கிரிஸ்டலை முதலில் பொருத்திவிட்டு அப்புறம் ஃபியூஸை மாற்றிடவும். தவறான ஃபியூஸை எழுதிவிட்டால், வெளியிலிருந்து கடிகாரம் கொடுக்கும்வரை சிப் செத்ததுபோல் கிடக்கும். உள் கடிகாரத்தையே நுணுக்கமாகத் திருத்தவும் வழி இருக்கிறது. மேசையில் வைக்கும் பொருளுக்கு அது போதும், தகரக் கொட்டகைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரெடிமேட் ஆர்டுயினோ உனோ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அதில் ஆர்சி சுற்றைவிடப் பல மடங்கு துல்லியமான ரெசனேட்டர் ஏற்கெனவே இருக்கிறது.

அடுத்து என் புரோகிராம். இப்போது சிப் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் அனுப்புகிறது. 213 என்றால் 213-6. கம்ப்யூட்டர் தானும் கூட்டிப் பார்த்து, ஒத்துவந்தால்தான் ஏற்கும். 213-ஐ 231 என்று புரட்டிப் போட்டால் இந்தக் கூட்டல் கண்டுபிடிக்காது. ஆனால் எங்களுக்கு வந்த மாதிரி பிட் கோளாறை அநேகமாகப் பிடித்துவிடும். பத்து நொடிக்கு நல்ல வரி ஒன்றும் வராவிட்டால், பழைய எண் அழிந்து மூன்று சிவப்புக் கோடுகள் வரும். எண்ணுக்குக் கீழே, அது எந்த நேரத்தில் வந்தது என்பதும் இருக்கும். சிவப்புக் கோடு வந்தால் காரணம் கேட்காமல் மோட்டாரை நிறுத்துவது என்று எங்கள் இருவருக்கும் ஓர் ஏற்பாடு.

கிரிஸ்டல் போட்ட மறுநாள், மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். தகரம் கை வைக்க முடியாதபடி கொதித்தது. வரிசை எண் 3600-ல் வந்து நின்றது. சித்தப்பா திரையைப் பார்த்தார், கீழே இருந்த நேரத்தையும் பார்த்தார், பிறகு கிணற்றடிக்குப் போய் ஒருமுறை எட்டியும் பார்த்துவிட்டு வந்துதான் மோட்டாரைப் போட்டார்.